யார் பேர்ல உள்ள கடன்? தென்னார்க்காட்டில் வீட்டுக் கடனை அளந்த கதை

“வீட்டுல மொத்தம் எவ்வளவு கடன் இருக்கும்க்கா?”

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமமொன்றில், படிவமும் பேனாவுமாகத் திண்ணையில் உட்கார்ந்து இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஒரே எண்ணாகப் பதில் வராது. “எதச் சொல்லச் சொல்ற தம்பி? எம்பேர்ல உள்ளதா, அவரு பேர்ல உள்ளதா?” என்று திருப்பிக் கேட்பார்கள். பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள். திங்கட்கிழமைக் குழு, வியாழக்கிழமைக் குழு, அடகுக்கடையில் மகளின் கம்மல், கூட்டுறவுச் சங்கத்தில் மாமனார் பேரில் பயிர்க்கடன், தண்டல்காரர், அண்ணியிடம் வாங்கிய கைமாத்து, செங்கல் சூளை மேஸ்திரியிடம் வீட்டுக்காரர் வாங்கிய அட்வான்ஸ்.

இதில் தண்டலை மட்டும் எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேச்சு. கையில் வருவது 8,500. மீதி 1,500 முன்னாலேயே பிடித்தாகிவிட்டது. நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் நூற்றுக்குப் பதினைந்துதான். ஆனால் அசல் முதல் நாளிலிருந்தே கரைந்துகொண்டு வருகிறது. நூறு நாளும் 8,500 ரூபாய் அவர் கையில் இருப்பதில்லை. சராசரியாக அதில் பாதிதான் இருக்கிறது. இதையும் கணக்கில் சேர்த்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தொடுகிறது. ஊர்ப்பேச்சில் சொன்னால் பத்து வட்டி.

இதுவரை தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். தெரிந்தே ஏன் வாங்குகிறார்கள், வாங்கியதால் அந்த வீட்டுக்கு என்ன நேர்ந்தது, வாங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விகள் தாளில் அடங்குவதில்லை. அதிலும் கடைசிக் கேள்வி வில்லங்கமானது. வாங்கிய வீடு நம் கண்ணெதிரே இருக்கிறது. அதே வீடு வாங்காமலிருந்த கோலத்தை யாரும் பார்த்ததில்லை. பார்க்க முடியாத அந்தக் கோலத்தைப் பார்த்தவற்றிலிருந்து கணிக்கும் துறைக்குத்தான் நுண் பொருளாதார அளவையியல் என்று பெயர். மைக்ரோ எக்கனாமெட்ரிக்ஸ் என்று கல்லூரிகளில் சொல்வார்கள். நாட்டின் மொத்த வருமானம், பணவீக்கம் ஆகியவற்றை விட்டுவிட்டு வீடு, ஆள், கடை, வயல் என்று இறங்கி அளப்பது இதன் வேலை.

பழைய தென்னார்க்காடு மாவட்டம், அதாவது 1993இல் பிரிந்த கடலூரும் விழுப்புரமும், இந்தத் துறைக்கு நெடுங்காலமாகவே நல்ல விளைநிலம். இங்கும் சுற்றுவட்டாரத்திலும் கடனைப் பற்றி நடந்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. அளக்கும் அலகு சிறுக்கும்போதெல்லாம் முடிவு மாறியிருக்கிறது. மாகாணத்தை அளந்தபோது ஒரு விடை கிடைத்தது. வகுப்புவாரியாகப் பிரித்தபோது வேறொன்று கிடைத்தது. வீட்டுக்குள் நுழைந்து ஆள்வாரியாகக் கேட்டபோது இன்னொன்று. திண்ணையில் அந்த அக்கா திருப்பிக் கேட்ட கேள்வியை ஆய்வுலகம் வந்தடைய ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று.

அண்ணாமலை நகர், 1939

சென்னை மாகாணத்தின் கிராமக் கடனை முதலில் பெரிய அளவில் மதிப்பிட்டவர் பிரெடரிக் நிக்கல்சன். 1895இல் அவர் சொன்ன தொகை 45 கோடி ரூபாய். ஜெர்மனியின் ரைபைசன் பாணிக் கூட்டுறவுச் சங்கமே இதற்கு மருந்து என்று அவர் பரிந்துரைத்தார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் முதல் கிராமக் கடன் சங்கம் தொடங்கியது. ஆனாலும் கடன் குறையவில்லை. 1930களின் விலைவீழ்ச்சியில் நெல்லின் விலை சரிந்தது; பழைய விலையில் வாங்கிய கடன் அப்படியே நின்றது. 1935இல் சத்தியநாதன் அறிக்கை அதை 200 கோடி என்றது.

1938இல் ராஜாஜி அமைச்சரவை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் ரத்தானது. அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது.

சட்டம் வந்த மறு ஆண்டே அதன் விளைவை ஆராய்ந்து ஒரு நூல் சிதம்பரத்திலிருந்து வெளிவந்தது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த பி.வி. நாராயணசாமி நாயுடு, வைத்தியநாதன் என்பவருடன் சேர்ந்து எழுதியது அது. ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அது யாரைத் தொட்டது, யாரை விட்டது என்று பல்கலைக்கழகத்துக்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். இன்று இதைக் கொள்கை மதிப்பீடு என்கிறோம். அதற்கென்று தனி நிறுவனங்களே இருக்கின்றன.

நாயுடுவின் பெரிய பங்களிப்பு அதற்கும் பின்னால் வந்தது. கிராமக் கடனை விசாரிக்க அரசு அவரை நியமித்தது. 1946இல் அறிக்கை தந்தார். 1939இல் சுமார் 272 கோடியாக இருந்த மாகாணக் கடன், போர் முடிந்த 1945இல் சுமார் 218 கோடியாகக் குறைந்திருந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. போர்க்கால விலையேற்றம் விவசாயியை வாழவைத்துவிட்டது என்று அத்துடன் எழுந்து போயிருக்கலாம். நாயுடு போகவில்லை. பெரிய நிலக்காரர், நடுத்தரக்காரர், சிறு நிலக்காரர், குத்தகைதாரர், கூலியாள் என்று பிரித்துப் போட்டார். விற்க நெல் இருந்தவர்கள் நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைத்திருந்தார்கள். அவர்களிலும் நிலம் பெருகப் பெருகத்தான் கடன் அதிகமாகக் குறைந்திருந்தது. நெல்லைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த கூலியாளின் கடனோ கூடியிருந்தது.

மொத்தம் இறங்கியது, அடித்தட்டில் ஏறியது. ஒரே விலையேற்றம் ஒருவருக்கு வரவாகவும் இன்னொருவருக்குக் கடனாகவும் மாறியது. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கண்ணில் விவசாயி என்றால் நிலத்தில் உரிமையோ குத்தகைப் பாத்தியமோ உள்ளவர். காணியற்ற கூலிக்காரர் அதில் இல்லை. யாருடைய கடன் போருக்குப் பின் கூடியிருந்ததோ, அவர் சட்டத்தின் கணக்கிலேயே வரவில்லை.

அகலமா, ஆழமா

சுதந்திரத்துக்குப் பின் கணக்கெடுப்பு அகலமாக விரிந்தது. ரிசர்வ் வங்கி 1951–52இல் நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு 75 மாவட்டங்களில் 600 கிராமங்களைத் தொட்டது. விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு வெறும் 3.1 சதவீதம், வணிக வங்கிகளின் பங்கு 0.9 சதவீதம் என்று தெரிந்தது. தொழில்முறை லேவாதேவிக்காரரின் பங்கு 44.8 சதவீதம். பின்னாளில் வங்கிகள் நாட்டுடைமையானபோதும் முன்னுரிமைக் கடன்கள் வகுக்கப்பட்டபோதும் இந்த எண்கள் மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டே இருந்தன. அதன் வாரிசாகப் பத்தாண்டுக்கொரு முறை கடன்–முதலீட்டு ஆய்வு நடந்துவருகிறது. தேசிய மாதிரி ஆய்வின் 77ஆம் சுற்றாக 2019இல் நடந்தபோது, கிராமப்புற இந்தியக் குடும்பங்களில் 35 சதவீதம் கடனில் இருப்பதாகச் சொன்னது.

இன்னொரு மரபு ஆழமாகப் போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பாடத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்களை அனுப்பிக் கிராமங்களை ஆராயச் செய்தார். அவற்றில் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. 1918இல் நூலாக வந்த அந்த ஆய்வை அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் விடவில்லை. 1937இல் தாமஸும் ராமகிருஷ்ணனும் திரும்பப் போனார்கள். 1980களில் எஸ். குகனும் ஜோன் மெஞ்சரும் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். பெரிய நிலக்காரக் குடும்பமொன்றின் பிடியிலிருந்த ஊரில், வெளிவேலைகளும் அரசுத் திட்டங்களும் வரவர அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது என்ற நூறாண்டுக் கதையை ஒரே ஊரில் படிக்க முடிவது அரிது.

இரண்டு மரபுக்கும் குறை உண்டு. அகல ஆய்வு ஒவ்வொரு முறையும் வேறு வீட்டைக் கேட்கிறது. 2013இல் கேட்ட வீட்டுக்கு 2019இல் என்ன ஆனது என்று அதனால் சொல்ல முடியாது. கிராம ஆய்வு ஊரின் கதையைச் சொல்லும். எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்லத் தடுமாறும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நுண் அளவையியல் காலூன்றியது.

அவளச் சேத்தா நாமதான் கட்டணும்

அந்தத் துறையின் மையச் சிக்கலைச் சுயஉதவிக் குழுவை வைத்தே விளக்கிவிடலாம். குழுக்கடன் வாங்கிய நூறு வீட்டையும் வாங்காத நூறு வீட்டையும் ஒப்பிடுகிறோம். வாங்கிய வீடுகள் கொஞ்சம் வசதியாக இருக்கின்றன. உடனே, குழுக்கடன் வறுமையைக் குறைக்கிறது என்று எழுதிவிடலாமா?

குழு சேர்ந்த கதையைக் கேட்டால் பேனா நின்றுவிடும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே சேர்க்கும்போதே வடிகட்டுகிறார்கள். “அவளச் சேத்தா நாமதான் கட்டணும்” என்ற ஒரு வாக்கியத்தில் தெருவின் மிக ஏழைப் பெண் வெளியே நிற்கிறாள். அப்படியானால் வாங்கிய வீடுகள் கடனால் வசதியானவையா, வசதி இருந்ததால் கடன் கிடைத்தவையா? இதைத் தெரிவுச் சாய்வு என்கிறார்கள். இதைத் திருத்தும் வழியை வகுத்த ஜேம்ஸ் ஹெக்மனுக்கும், பல வாய்ப்புகளில் ஒன்றை மனிதர் எப்படித் தேர்கிறார் என்பதற்குக் கணித வடிவம் தந்த டேனியல் மெக்பேடனுக்கும் 2000ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நுண் அளவையியலுக்கே வழங்கப்பட்ட பரிசு என்று சொல்லலாம்.

சாய்வைத் தாண்டப் பல வழிகள் உண்டு. ஒன்று, அதே வீட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்பக் கேட்பது. அந்த வீட்டின் சாதி, சாமர்த்தியம், ஊர்ச்செல்வாக்கு போன்ற மாறாத விஷயங்கள் இரு சுற்றிலும் ஒன்றே என்பதால், கழித்தால் அவை விழுந்துவிடும். மற்றொன்று, குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் பார்ப்பது. மூன்றாவது, யாரும் எதிர்பாராத அதிர்ச்சி ஒன்று வரும்போது அதையே சோதனையாக்கிக்கொள்வது. கடைசி வழிக்கு 2021ஆம் ஆண்டின் நோபல் பரிசு டேவிட் கார்ட், ஜோஷுவா ஆங்கிரிஸ்ட், கைடோ இம்பென்ஸ் மூவருக்கும் போயிற்று.

இந்த மூன்றில் இரண்டு, கடலூர் வட்டாரத்தில் ஒரே ஆய்வில் சேர்ந்து வந்தன.

பத்து கிராமங்கள், மூன்று சுற்றுகள்

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தளமாகக் கொண்ட ஆய்வுக்குழு ஒன்று, கடலூர்–விழுப்புரம் பகுதியில் பத்து கிராமங்களைத் தேர்ந்துகொண்டது. 2010இல் ரூமே என்ற பெயரில் 405 வீடுகளைக் கேட்டார்கள். 2016–17இல் நீம்சிஸ் என்ற பெயரில் 492 வீடுகள். 2020–21இல் 632 வீடுகள். இசபெல் கெரான், கிறிஸ்டோப் ஜலீல் நோர்த்மான், ஜி. வெங்கடசுப்ரமணியன், சந்தோஷ் குமார் போன்றவர்களின் பெயர்கள் இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் மானுடவியல் பக்கம் சாய்ந்த பொருளாதார அறிஞர்; ஒருவர் அளவையியல்காரர்; கூடவே ஆண்டுக்கணக்காக அந்த ஊர்த் தெருக்களில் நடந்தவர்கள். எண்ணும் பேச்சும் ஒரே மேசையில் அமர்ந்தது இந்த ஆய்வின் தனிச்சிறப்பு.

வீட்டுப் படிவத்தோடு நிற்காமல் தனி ஆட்களையும் கேட்டார்கள். யார் பேரில் கடன், யாரிடம், எதற்கு, எவ்வளவு வட்டி, என்ன உறவு, என்ன சாதி என்று ஒவ்வொரு கடனும் தனி வரியானது. அவசரத்துக்கு யாரிடம் போவீர்கள் என்று கேட்டு உறவு வலையை வரைந்தார்கள். வாசிப்பு, கணக்கு, புதிர்ச் சோதனைகள் வைத்தார்கள், குணநலன்களைக்கூட அளந்தார்கள்.

இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தபோதே 2016 நவம்பர் 8 இரவு வந்தது. 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென்று அறிவிப்பு. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் முடங்கியது. வேறொரு குழுவாக இருந்தால் ஆய்வு கெட்டது என்று தலையில் கை வைத்திருக்கும். இவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அறிவிப்புக்கு முன் கேட்ட வீடுகள் ஒரு பக்கம், பின் கேட்ட வீடுகள் மறு பக்கம். யார் எந்தப் பக்கம் விழுந்தார் என்பதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. படிவக்காரர் என்று வந்தார் என்பதே தீர்மானித்தது.

ஆன் ஹில்கரும் நோர்த்மானும் இதை வைத்து நம்பிக்கையை ஆராய்ந்தார்கள். தெரிந்தவர்கள் அதிகமிருந்தால் அக்கம்பக்கத்தார்மீது நம்பிக்கை கூடுமா? கையில் காசு முடங்கியபோது ஆண்கள் தங்கள் வலையை நன்றாகவே பயன்படுத்தியது தெரிந்தது. ஆனால் விளைவு சாதிக்குச் சாதி திசை மாறியது. ஒடுக்கப்பட்ட சாதியினர் தம்மவர் மட்டுமே வாழும் தெருக்களில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டாரும் முதலாளியும் கை கொடுத்தார்கள். வலை பெரிதாகப் பெரிதாக அக்கம்பக்கத்தின்மேல் நம்பிக்கை கூடியது. இடைச்சாதியினர் கலப்பான தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் நாடியது பெரும்பாலும் சொந்தச் சாதியினரை. அங்கே வலை பெரிதாகும்போது அக்கம்பக்கத்தின்மேல் நம்பிக்கை குறைந்தது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே சராசரியாகப் போட்டிருந்தால், ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று தின்று, விளைவே இல்லை என்றுகூட வந்திருக்கலாம். நாயுடு 1946இல் கண்ட அதே பாடம்.

இதே தரவை எலெனா ரெபூல், கெரான், நோர்த்மான் மூவரும் கடனின் பாலினத்தைப் பார்க்கப் பயன்படுத்தி 2021இல் கட்டுரை வெளியிட்டார்கள். வருமானத்தோடு ஒப்பிட்டால் பெண்ணின் சுமை ஆணைவிடக் கனம். வீடு ஏழையாகவும் சாதி அடுக்கில் கீழேயும் இருக்கும்போது, அன்றாடத்தைக் கடன் வாங்கி ஓட்டும் பொறுப்பு அவள் தோளில் கூடுதலாக விழுகிறது. அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும், முந்தைய கடனின் தவணைக்கும். திங்கட்கிழமைத் தவணைக்கு வியாழக்கிழமைக் கடனிலிருந்து எடுப்பதை ஊரில் ரொட்டேஷன் என்கிறார்கள். அந்த உழைப்புக்குக் கூலி கிடையாது. எந்தக் கணக்கெடுப்பிலும் வேலையாகவும் வராது. கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் மூவரும் 2023இல் ‘கடன்பட்ட பெண்’ என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய ஆங்கில நூலின் மையமே இதுதான்.

ஏன் தண்டல் என்ற முதல் கேள்விக்கும் இந்தக் குழுவின் களப்பணி விடை தருகிறது. கடனுக்கு வட்டி மட்டும் விலையில்லை. யாரிடம் கை நீட்டுகிறோம் என்பதில் மானம் இருக்கிறது. சொந்தத்தில் வாங்கினால் வட்டி இல்லை. அடுத்த கல்யாணத்தில் பேச்சு வரும். நிலக்காரரிடம் வாங்கினால் அவர் வயலுக்குக் கூப்பிட்ட நேரத்தில் போக வேண்டும். தண்டல்காரரிடம் வட்டி அதிகம். கட்டி முடித்தால் கணக்கு முடிந்தது. மெக்பேடனின் தேர்வு மாதிரியில் வட்டி விகிதத்தை மட்டும் போட்டால் இந்த மக்கள் விவரமில்லாதவர்களாகத் தெரிவார்கள். தலைகுனிவுக்கும் ஒரு விலை போட்டால் அவர்கள் கணக்கு சரியாகவே இருக்கும்.

பக்கத்து வயல்கள்

கடலூரை ஒட்டிய வட்டாரத்திலும் வெளியிலும் நடந்த சில ஆய்வுகளை இதன் பக்கத்தில் வைக்க வேண்டும்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் குழு ஆராய்ந்து, 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. கரும்புக்கு ஆண்டுக்கொரு முறைதான் பெருந்தொகை வரும். வெட்டுக்கு முன் கை வறண்டிருக்கும், பின் நிறைந்திருக்கும். அதே விவசாயியை இரு வேளையிலும் சோதித்தார்கள். அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் ஏதாவது அடகு வைத்திருந்தார்கள்; பின்னர் 4 சதவீதம். புதிர்ச் சோதனையில் வெட்டுக்கு முன் மதிப்பெண் குறைந்தது. ஆள் அதே ஆள்தான். பணத்தைப் பற்றிய யோசனை மூளையில் இடம் பிடித்துக்கொண்டது என்று விளக்கினார்கள். கடனைப் பற்றி எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதே விடையை மாற்றும் என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் துணைப்பாடம்.

டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூவரும் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனைத் தாங்களே அடைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆறு வாரத்துக்குள் மீண்டும் கடனுக்குப் போனார்கள். ஓரிரு ஆண்டில், கடன் அடைக்கப்பட்டவருக்கும் அடைக்கப்படாதவருக்கும் வித்தியாசமே இல்லை. ஐதராபாத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ குழு 104 பகுதிகளில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அங்கே மட்டும் நுண்கடன் கிளை திறக்கச் செய்தது. வீட்டுக்கு வேண்டிய நீடித்த பொருள்கள் கூடின. மொத்த நுகர்வு உயரவில்லை. பெண்ணின் அதிகாரமும் மாறவில்லை. நுண்கடன் குடும்பத்தை உயர்த்திவிடும் என்ற முழக்கமும் அழித்துவிடும் என்ற முழக்கமும் இரண்டுமே இந்த எண்களில் நிற்கவில்லை.

எங்கே சறுக்கும்

இத்தனை கருவிகள் இருந்தும் சந்தேகப்பட இடமுண்டு. கருவிகளை நம்புகிறவர்களே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பத்து கிராமங்கள் பத்து கிராமங்கள்தான். பண்ருட்டி முந்திரிக் காட்டுக்குப் பொருந்துவது, காட்டுமன்னார்கோவில் நஞ்சைக்கோ தேவனாம்பட்டினத்து மீனவர் தெருவுக்கோ பொருந்தும் என்று சொல்ல முடியாது.

காலமும் குழப்பும். 2010க்கும் 2016க்கும் நடுவே 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் வந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மறுபடி காய்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் மரங்கள் அவை. 2015இல் வெள்ளம். இரு சுற்றுக்கும் நடுவில் கடன் கூடியிருந்தால், பழியைப் புயல்மேல் போடுவதா, நுண்கடன் நிறுவனங்கள் பெருகியதன்மேல் போடுவதா? பணமதிப்பிழப்புக்கு முன்–பின் ஒப்பீட்டிலும் இதே கவனம் வேண்டும். நவம்பருக்குப் பின் கேட்ட வீடுகள் சம்பா அறுவடையை நெருங்கிய வீடுகளும்கூட. பருவத்தைப் பணத்தாளின் விளைவு என்று எண்ணிவிடக் கூடாது.

கேட்கும் விதம் இன்னொன்று. கணவர் பக்கத்தில் நிற்கும்போது மனைவி தன் கடனைச் சொல்ல மாட்டாள். மனைவி இருக்கும்போது கணவரின் டாஸ்மாக் பாக்கி வெளியே வராது. மொய் வரவைக் கடன் என்று சிலர் சொல்வார்கள், சிலர் சொல்ல மாட்டார்கள். சூளைக்குப் போன குடும்பம் அடுத்த சுற்றில் பூட்டிய கதவாக இருக்கும். அதிகக் கடன்பட்டவர்களே அப்படிக் கிளம்பிப் போகிறவர்கள் என்பதால், விடுபட்ட வீடுகள் முடிவைச் சாய்த்துவிடும்.

முறையைப் பற்றிய சண்டையும் ஓயவில்லை. வங்கதேசப் பெண்களின் நுண்கடன் பற்றி ஆய்வாளர்கள் பிட், கண்ட்கர் இருவரும் 1998இல் வெளியிட்ட நல்ல முடிவை, அதே தரவைக் கொண்டு ரூட்மன், மோர்டக் மறுகணக்குப் போட்டுக் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். குலுக்கல் சோதனைகளுக்கு 2019இல் நோபல் பரிசு வந்தது. மறு ஆண்டே அவற்றின் எல்லைகளை விமர்சிக்கும் தொகுப்பு நூல் ஒன்றைக் கெரானும் சகாக்களும் கொண்டுவந்தார்கள். விளைவு உண்டா இல்லையா என்று குலுக்கல் சொல்லும். ஏன் என்று சொல்ல, திண்ணையில் உட்கார்ந்தாக வேண்டும் என்பது அவர்களின் வாதம். கடலூர் ஆய்வைப் படித்தவர்களுக்கு அந்த வாதம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

தள்ளுபடியும் உரிமைத்தொகையும்

இந்த ஆய்வுகளால் ஆட்சிக்கு என்ன பயன்? தமிழ்நாட்டில் கடன் கொள்கை என்றால் பெரும்பாலும் தள்ளுபடி. 2006இல் கூட்டுறவுக் கடன், 2016இல் சிறு குறு விவசாயிகளின் பயிர்க்கடன், 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன், அதே ஆண்டு செப்டம்பரில் ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன். ஒவ்வொன்றும் பலருக்கு மூச்சு விட இடம் தந்தது உண்மை. ஆனால் எல்லாமே கூட்டுறவுச் சங்கத்தின் வாசல்வரை. பயிர்க்கடன் நிலம் உள்ளவருக்கு. தனியார் அடகுக்கடையில் கம்மலை வைத்தவளுக்கும் தண்டல் கட்டுபவளுக்கும் அதில் இடமில்லை. கூட்டுறவு நகைக்கடனிலும் நகை பெண்ணுடையது, தகுதி பார்க்கப்பட்டது குடும்பத்துக்கு. 1938இல் கூலியாள் எங்கே நின்றாரோ, ஏறத்தாழ அங்கேயே இன்று அவர் பேத்தி நிற்கிறாள்.

இதிலிருந்து வேறுபட்ட ஒரு திட்டம் 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியது. கலைஞர் மகளிர் உரிமைத்தொகை, தொடக்கத்தில் 1.06 கோடிப் பெண்களுக்கு, மாதம் 1,000 ரூபாய், பெண்ணின் சொந்தக் கணக்கில். ஆள்வாரியாக வரும் பணம். இதனால் அவளுடைய தண்டல் குறைந்ததா? அல்லது மாதாமாதம் ஆயிரம் வருகிறது என்ற தைரியத்தில் குழு இன்னொரு கடன் கொடுத்ததா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. எது நடந்தது என்று ஊகித்துச் சொல்லக் கூடாது. அளந்துதான் சொல்ல வேண்டும்.

அளக்க வழியும் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டுக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று தகுதிக்கு வரம்புகள். வருமானத்தை எழுதும்போது கூட்டிக் குறைத்து எழுதலாம். மின்மீட்டரை எழுதிவைத்தது மின்வாரியம். திட்டம் வருமென்று தெரியாத காலத்தில் 3,500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கும் 3,700 யூனிட் ஓட்டிய வீட்டுக்கும் என்ன பெரிய வேறுபாடு இருந்திருக்கும்? ஒரு கோடையில் மின்விசிறி கூடுதலாகச் சுற்றியிருக்கும். மற்றபடி ஏறத்தாழ ஒரே மாதிரி வீடுகள். வரம்புக்கு இந்தப் பக்கம் உள்ளவளுக்குப் பணம் வருகிறது, அந்தப் பக்கம் உள்ளவளுக்கு வரவில்லை. இருவரின் கடன் பட்டியலையும் அருகருகே வைத்தால், வாங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பார்க்க முடியாத கோலம் பக்கத்து வீட்டிலேயே பார்க்கக் கிடைக்கும்.

இதற்குக் கணினி மட்டும் போதாது. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தை மறு ஆண்டே ஆராயப் புறப்பட்ட அண்ணாமலை நகரிலிருந்து பண்ருட்டிக்கு இன்றும் பேருந்தில் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். போகிறவர் படிவத்தில் ஒன்றைத் திருத்திக்கொண்டு போகட்டும். ‘வீட்டின் மொத்தக் கடன்’ என்ற ஒற்றைக் கட்டத்தை அடித்துவிட்டு, ‘யார் பேரில்’ என்று ஒரு பத்தியைப் போட்டுக்கொள்ளட்டும்.